நைனா நடந்து காட்டிய நாள்

துபாஷி ஐயா, என் நைனாவின் காலைக் கெடுத்தது கப்பலிலிருந்து விழுந்த பெட்டி. அவர் பிழைப்பைக் கெடுத்தவர் நீர்.

அப்போது எனக்கு ஏழு வயது. நைனா தண்டேல். ஒல்லாந்தர் கப்பல் சரக்கை அலை தாண்டிக் கரைசேர்க்கும் படகில், பின்னால் நின்றபடியே துடுப்பால் திசை பிடிப்பவர். பெட்டி விழுந்து வலது காலில் மூன்று விரல்கள் போயின. ஊனம் நிரந்தரம் என்று கோட்டையின் ஒல்லாந்து வைத்தியர் எழுதினால் ஆயுசுக்கும் மாதாமாதம் அரிசி கிடைக்கும் என்றார்கள்.

வைத்தியர் என்னதான் செய்வார் என்று பார்க்க நானும் ஒட்டிக்கொண்டு போனேன். நூல் வைத்துக் காலை அளந்தார். ஊசியால் குத்திவிட்டு நைனாவின் முகத்தைப் பார்த்தார். காயத்தை முகர்ந்துகூடப் பார்த்தார். நாங்கள் மீனைத்தான் அப்படிப் பார்ப்போம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு முற்றத்தில் நடக்கச் சொன்னார்; பக்கத்தில் நின்று அவர் பேச்சைத் தமிழில் சொன்னவர் நீர். வாசலில் துடுப்புக்காரர்கள் கூடி நின்றார்கள். நொண்டுகிற தண்டேலின் படகில் எங்கள் குப்பத்தில் ஒருவனும் ஏறமாட்டான்.

"இன்னா தண்டேலு, நண்டு மாதிரி நடப்பியா?" என்று ஒருவன் கத்தினான்.

நைனா பல்லைக் கடித்துக்கொண்டு, கல் பாவிய தரையில் மாப்பிள்ளை போல நடந்தார். நான் கைதட்டினேன். வைத்தியர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

"நல்லா நடக்கிறே, ஊனம் இல்லைன்னு எழுதிட்டாரு" என்றீர் நீர்.

நைனா பதறிப்போனார். "நடக்கறது இன்னா பெரிசு சாமி? ஆடற பலகைய விரலால கவ்விக்கினு நிக்கணும். அது என்னால ஆவாதுன்னு சொல்லுங்க அவராண்ட!"

நீர் சொல்லவில்லை. மூக்குப்பொடி எடுத்தீர். வைத்தியர் மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு ஓடி, நைனா ஜெயித்துவிட்டார் என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். ஏன் அடித்தாள் என்று தெரியவில்லை.

அடுத்த கப்பலுக்கு நைனா படகேறினார். முதல் அலையிலேயே கடலில் விழுந்தார். துடுப்புக்காரர்கள் வேறு தண்டேலைத் தேடிக்கொண்டார்கள். அதன்பின் அவர் குப்பத்தை ஒட்டிய உப்பு ஏரிச் சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்தார்.

ஒருவர் கதறுவதை இன்னொருவர் காதில் போடாமலே விடலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. நீர் பொடி போட்டு முடித்ததும் சொல்லிவிடுவீர் என்று நம்பித்தான் வீட்டுக்கு ஓடினேன்.

நீரும் இந்தக் கரையில் பிறந்தவர். தண்டேல் எதை ஊன்றி நிற்பான் என்று உமக்குத் தெரியும். சந்தை கூடும் நாளில் வாரும். குப்பத்து ஜனம் அத்தனையும் கேட்கும்படி நீரே சொல்லும்: அன்று ஏன் வாய் திறக்கவில்லை?