கடைசி ஸ்ட்ரிப்

விரலில் குத்தி, இரத்தத் துளியை மெசினில் வைத்த நேரம்தான் சாவுச் செய்தி வந்தது. போனை எடுத்த என் கணவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, “ஜெசிந்தா மிசி மோசம் போயிட்டாவாம்” என்றார்.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவள் நான். இரத்தம் உறைந்தால் வால்வு அடைபடும்; உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை எடுப்பேன். அளவுக்கு மீறி நீர்த்தால் கசிவு நிற்காது. அதைப் பார்க்க நெடுந்தீவிலிருந்து படகேறி யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குப் போவேன். அங்கே தாதியாக இருந்தவர் மிசி. “கடலைக் கேட்டோ இரத்தம் ஓடுது?” என்று மேலிடத்தோடு சண்டைபிடித்து, வீட்டிலேயே பார்க்கும் மெசினைத் தீவுக்காரருக்கு வாங்கித் தந்தார். அவரிடம் ஏச்சு வாங்கிய எவருக்கும் அந்தக் குரல் தெரியும்.

மெசின் வந்த கிழமை எங்கள் வீடு திருவிழாவாயிற்று. பார்க்க வந்தவர்களைச் சும்மா அனுப்பலாமா? நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வருவதற்குள், என் கணவர் தேத்தண்ணீர் கொடுத்த கையோடு மெசினில் செருகும் பட்டையான ஸ்ட்ரிப்பில் ஆளுக்கொன்றாக இரத்தமும் பார்த்துவிட்டார். ஒருமுறை பாவித்த ஸ்ட்ரிப் பிறகு உதவாது. ஊரில் எல்லோருக்கும் இரத்தம் நன்றாகவே இருந்தது. எனக்கு மிஞ்சியது ஒன்று.

வாடைக் காற்றில் படகுகள் ஓடாமல் நின்ற ஒரு காலையில், பல் தீட்டும்போது வந்த இரத்தம் நிற்கவில்லை. மிசிக்குப் போனில் கோல் எடுத்தேன்.

“எத்தினை ஸ்ட்ரிப் இருக்கு?”

“ஒண்டுதான், மிசி.” என் கணவர் செய்த வேலையையும் சொன்னேன்.

“அண்ணையைப் பிறகு ஏசுறன். கையைச் சுடுதண்ணியிலை கழுவி நல்லாத் துடையும். நம்பர் வந்தவுடனை சத்தமாச் சொல்லும்.”

“ஏலாது மிசி, பயமாக் கிடக்கு.”

“நம்பரைப் பார்க்கப் பயப்பிடாதையும். பாராமல் இருக்கத்தான் பயப்பிடவேணும். போனை வையாதையும், நான் நிக்கிறன்.”

முதல் குத்தில் துளி போதவில்லை. அதை வைத்திருந்தால் ஸ்ட்ரிப் வீண். கையைத் தொங்கவிட்டு வேறு விரலில் குத்தச் சொன்னார். வைத்தேன். வாயெல்லாம் இரத்தம் கரித்தது. போனில் மிசியின் மூச்சு மட்டும் கேட்டது.

“ஆறு புள்ளி நாலு.” எனக்கு இருக்கவேண்டியது மூன்றளவு; கூடினால் இரத்தம் நீர்த்துவிட்டது என்று அர்த்தம்.

“இருமலுக்கு ஏதும் மருந்து எடுத்தனீரோ?”

“ஓம்.”

மிசி தன் பக்கத்திலிருந்த டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இருமல் மருந்து மாத்திரையின்ரை வேகத்தைக் கூட்டிப்போட்டுது. இண்டைக்கு இரத்த மாத்திரையைத் தொடாதையும். இப்பவே ஊர் ஆஸ்பத்திரிக்குப் போம். நான் அங்கை கதைக்கிறன்.”

அங்கே மருந்து தந்து படுக்கவைத்தார்கள். பின்னேரம் இரத்தம் நின்றது. கடல் அடங்கி வந்த முதல் படகில் மிசி அனுப்பிய புதுப் பெட்டி ஸ்ட்ரிப் இருந்தது.

“பிறகு ஏசுறன் எண்டவா. ஏசாமலே போயிட்டா” என்று இப்போது என் கணவர் அழுதார். மிசியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: பயந்தாலும் பார்ப்பேன், பார்த்ததைச் சத்தமாகச் சொல்வேன். மெசினில் எண் வந்திருந்தது.

“இரண்டு புள்ளி ஒன்பது, மிசி” என்றேன்.