குத்துவிளக்கை யார் ஏற்றுவது?

பிரெஞ்சு நாட்டில், லா சப்பல் கடைத்தெருவில் நான் சாறிக்கடை திறந்த அன்று, குத்துவிளக்கை அண்ணிதான் ஏற்றவேண்டும் என்று அண்ணை சொல்லிவிட்டார். நான் புருசனை இழந்தவளாம், நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாதாம். கடைக்கு இடம் தேடி அலையும்போது மட்டும் நான் முன்னுக்கு நிற்கலாம்!

அந்த நேரம் என் பழைய முதலாளியம்மா வந்தார். அல்ஜீரியாவிலிருந்து வந்த அரபுப் பெண். அந்தத் தெருவில் துணி மொத்த வியாபாரம் தொடங்கிய முதல் பெண்ணும் அவர்தான். விசயத்தைச் சொன்னேன்.

“என் கணவர் இறந்ததும் எங்கள் ஆட்களும் என்னை வீட்டோடு இருக்கச் சொன்னார்கள். நான் போய்க் கடையைத் திறந்தேன்” என்று பிரெஞ்சில் சொல்லி, நெருப்புப்பெட்டியை என் கையில் வைத்தார்.

ஐந்து திரியையும் நானே ஏற்றினேன். முதல் சாறியை வாங்கியது அண்ணி, அதுவும் அண்ணையின் காசில்.