கன்று வீசிய கட்டுத்தரை

மாடு கட்டும் கட்டுத்தரையின் சிமெண்டில் கிடந்த கன்றுக்கு ரோமம்கூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. முந்தின நாள் மாலைவரை நன்றாக அசைபோட்டுக்கொண்டிருந்த சினைமாடு, விடிந்தபோது மாதம் நிறையாமலே கன்று வீசியிருந்தது. பெரியம்மா பால் வாளியோடு அப்படியே நின்றார். பெரியப்பா கன்றைப் பார்க்கவில்லை, பெரியம்மாவைத்தான் பார்த்தார். அப்போது எனக்கு அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. அவிநாசிபாளையத்தில் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன்.

அந்த வருடம் அது மூன்றாவது மாடு. பெரியம்மாவுக்கும் இரண்டு முறை கரு கலைந்து, அதன்பின் பிள்ளையே இல்லை. இரண்டையும் முதலில் சேர்த்துப் பேசியது யாரென்று தெரியாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் பேசினார்கள். பெரியப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே, “நீ இனிக் கட்டுத்தரைப் பக்கம் போவ வேண்டாம்” என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மாடுகளைக் கட்டி அவிழ்த்தவர் பெரியம்மா. அடுத்த வாரமே என்னோடு கம்பெனி பஸ்ஸில் ஏறி, தைத்த பனியன்களில் பிழை பார்க்கும் செக்கிங் டேபிளில் வேலைக்குச் சேர்ந்தார். சாயங்காலம் அவர் குரல் கேட்டதும் மாடுகள் கத்தும். அவர் சமையலறை சன்னலைச் சாத்திவிடுவார்.

அவர் கால் வைக்காத கட்டுத்தரையில் நான்காவது மாடும் கன்று வீசியது. அப்போதுதான் பெரியப்பாவுக்குக் கால்நடை டாக்டரின் நினைவு வந்தது. டாக்டர் மாடுகளின் ரத்தத்தையும் வீசிய கன்றையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் வீட்டுக்கே வந்து விளக்கினார். அது நாய்களிடமிருந்து பரவும் ஒட்டுண்ணியாம். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் தின்னும் நாய்க்குத் தொற்றி, அதன் கழிவு தீவனத்தில் கலந்து, மாட்டுக்குள் போகுமாம். மாடு பார்க்க நன்றாகவே இருக்கும், சினையைத்தான் அழிக்கும். குணமாக்க மருந்தும் கிடையாது.

“வீசுன கன்னையெல்லாம் குழி தோண்டிப் பொதைச்சீங்களா?” என்று கேட்டார்.

பெரியப்பா வேலிப் பக்கம் பார்த்தார். ஒவ்வொன்றையும் வேலியோரம் எறிந்தவர் அவர்தான். அவர் வளர்த்த நாய்கள்தான் இழுத்துப் போய்த் தின்றன.

கதவருகே நின்ற பெரியம்மா கேட்டார்: “ஏனுங்க டாக்டர், ஊட்டுப் பொம்பளைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?”

டாக்டருக்குக் கேள்வியே புரியவில்லை. “உங்களுக்கென்னங்கம்மா சம்பந்தம்?” என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் சொன்ன அத்தனையும் பெரியப்பா செய்தார். நாய்களைக் கட்டிப்போட்டார், தீவனத்தை மூடி வைத்தார். மனைவியிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்து, எதுவுமே நடக்காததுபோல, “நாளையிலிருந்து நீயே பாலைக் கறந்துக்க” என்றார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்று பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். கடைசி மாட்டை விற்கும்வரை அவர் கட்டுத்தரைக்குள் போகவே இல்லை.

போன மாதம் எனக்கு வளைகாப்பு. நாய்களின் கதை சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வளையல் போட ஒவ்வொருவராகக் கூப்பிட்டவர்கள், பெரியம்மாவை மட்டும் கூப்பிடவில்லை. நானே எழுந்துபோய்க் கையை நீட்டினேன்.

“வேண்டாங் கண்ணு” என்றார். “மாட்டுக்குன்னா டாக்டர் வந்து சொன்னாரு. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, எனக்காக யாரு வந்து சொல்லுவா?”

வாங்கி வந்திருந்த வளையல்களை என் கையில் கொடுத்துவிட்டு, பந்திக்கு இலை போடப் போய்விட்டார்.