கையகலம் எட்டாத வயர்

கம்பெனிகளின் சர்வர் அறைகளில் இரும்பு ரேக் மாட்டுவது அவருக்குத் தொழில். அவர் இறக்கிக் கட்டிய வயர்களில் கோணல்மாணல் இருக்காது என்பதால், கூட வேலை செய்பவர்கள், கொத்தனார் நேர் பார்க்கக் கயிற்றில் தொங்கவிடும் தூக்குக்குண்டு என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வயரை மிச்சம் விட்டுச் சுருட்டி வைக்கிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அளக்கத் தெரியாதவன் பார்க்கிற வேலை என்பார். அந்தப் பெருமையை வேலை இடத்தோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

வீட்டில் மனைவிக்கு நரம்பு நோய். முதலில் கை போனது, பிறகு கால், கடைசியில் பேச்சு. கண் மட்டும்தான் மிச்சம். கட்டிலருகே ஒரு ஸ்டாண்டில் திரையும் கேமராவும் இருந்தன. அவள் திரையில் எந்த எழுத்தைப் பார்க்கிறாளோ அதைக் கேமரா பிடித்துக்கொள்ளும். சொல் சேர்ந்ததும் ஸ்பீக்கர் பேசும். அந்த இரவல் குரலிலும் அவள் வாய்த்துடுக்கு குறையவில்லை. மீசைக்குச் சாயம் யாருக்காக என்று வந்த விருந்தாளிகள் முன்னாலேயே கேட்டு அவர் மானத்தை வாங்குவாள். அவருக்கு அதைக் கேட்டால்தான் பொழுது விடியும்.

எல்லாவற்றையும் இயக்கிய சின்னக் கம்ப்யூட்டரும், வயர்கள் வந்து சேரும் ஹப்பும் தரையில் கிடந்தன. காலை வைத்தால் வயர். அவருக்கு அது கண்ணில் விழுந்த தூசு மாதிரி உறுத்தியது. ஒரு விடுமுறை நாளில் அறைக்கு வெளியே நடையின் சுவரில் சின்ன ரேக் ஒன்றை மாட்டினார். உள்ளே தட்டு வைத்து, கம்ப்யூட்டரைப் பட்டி போட்டு இறுக்கி, ஹப்பைப் பின்னால் திருகினார். வயர்களைச் சுவருக்குள் குழாய் வழியாக விட்டு, கட்டில்வரை அளந்து வெட்டிப் புது முனை பொருத்தினார். ரேக் கதவைச் சாத்திப் பூட்டியபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மகள், கொஞ்சம் நீளம் விட்டிருக்கலாமே என்றாள்.

"எதுக்கும்மா? கட்டில் என்ன எழுந்து நடக்கவா போகுது?" என்று அவர் சிரித்தார்.

கட்டில் நடக்கவில்லைதான். ஒரு மதியம் அவளுக்கு மூச்சு முட்டியது. டாக்டர் ஃபோனில் சொன்னபடி கதவுப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் மூச்சுத் திணறல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் திரை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஸ்டாண்டைச் சுற்றி இழுத்தார்கள். கேமரா வயர் விறைத்து நின்றது. கையகலம் போதவில்லை. அவள் கண் பரபரத்தது. ஏதோ சொல்ல வேண்டும் அவளுக்கு, அது பார்த்த யாருக்கும் புரிந்திருக்கும்.

அவர் நடைக்கு ஓடினார். கம்ப்யூட்டரையும் ஹப்பையும் கட்டிலுக்கே தூக்கி வந்து, வயரைக் குழாயிலிருந்து உருவிச் சொருகிவிட்டால் எட்டும். பூட்டைத் திறந்தார். தன் கையாலேயே முறுக்கிய திருகுகள் அசைய மறுத்தன. பட்டிகளைப் பல்லால் கடித்து இழுத்தார். பாவி மனிதர், தன் வேலையின் கச்சிதத்தை அன்றுதான் முதன்முதலாகச் சபித்தார். "இதோ வந்துட்டேன்... இதோ வந்துட்டேன்" என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்து, ஹப் தொங்க, அவர் உள்ளே வந்தபோது மகள் அம்மாவின் கண்களை மூடிவிட்டிருந்தாள்.

"என்ன சொல்ல நினைச்சாளோ" என்றார்.

"தெரியலப்பா. நீங்க போனதுக்கப்புறம் அம்மா ஸ்கிரீனைத் தேடவே இல்ல. நீங்க வருவீங்களான்னு கதவையே பார்த்துட்டு இருந்தாங்க."

கையில் இருந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார்.