ஜெயித்தவர் உடைக்கட்டும்

எங்கள் பெரம்பலூர் பில்லியர்ட்ஸ் கிளப்பில் ஜெயித்தவர்தான் அடுத்த ஆட்டத்தை உடைக்க வேண்டும். முக்கோணமாக அடுக்கிய பந்துகளை வெள்ளைப் பந்தால் சிதறடிக்கும் அந்த முதல் அடி, ஜெயித்தவருக்கான மரியாதை. எனக்கு மட்டும் அது கிடையாது. நான் ஜெயித்தால், வெங்காய மண்டி வைத்திருக்கும் அந்த மனிதர் எழுந்து வருவார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். என்னை அக்கா என்பார்.

“நீங்க இருங்கக்கா, நான் ஒடச்சுக் குடுத்துடறேன். வெயிட்டு ஸ்டிக்கு, உங்க கை தாங்காது.”

உடைப்பதற்கென்று கிளப்பில் இருந்தது ஒரே ஒரு பிரேக் கியூ, கனமான ஆட்டக்கோல். மற்றவற்றால் ஓங்கி அடித்தால் நுனியில் ஒட்டிய தோல் பிய்ந்துவிடும் என்று ஓனர் விடமாட்டார். அந்த ஒன்றும் எந்நேரமும் மண்டிக்காரரின் நாற்காலியில்தான் சாய்ந்திருக்கும். என் வெற்றியை என் கண்முன்னே அவர் உடைத்தார். நான் நன்றி வேறு சொன்னேன். அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்குகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பத்தேழு வயதில், நன்றி! நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

ஒரு சனிக்கிழமை அரியலூர் பஸ் ஏறினேன். குன்னம் வரைக்கும் மக்காச்சோளம், அப்புறம் லாரி, லாரி, லாரி, ஜன்னலெல்லாம் சிமென்ட் தூசி, உள்ளே கொதித்தபடி நான்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் கேட்டார்: “பையனுக்குங்களா?”

“எனக்கு. பிரேக் கியூ. வெல கம்மியா.”

ரோஸ் நிறத்தில் ஒன்றை நீட்டினார். “லேடீஸுக்கு இது லைட்டா இருக்கும். பாக்கவும் அழகு.”

“பாக்கறதுக்கு இல்லீங்க, அடிக்கறதுக்கு.”

கண்ணாடி மேசையில் உருட்டினேன். கோல் வளைந்திருந்தது, தத்தித் தத்தி ஓடியது. மூலையில் கிடந்த கறுப்பை உருட்டினேன். நேர். நகம் இறங்காத கெட்டி நுனி. பிடியில் வார்னிஷ் உரிந்திருந்ததால் விலை இறங்கியது. வாங்கினேன்.

மறுநாள் மண்டிக்காரரோடு ஆடி ஜெயித்தேன். அவர் எழுந்தார்.

“உக்காருங்க. எங்கிட்ட ஸ்டிக்கு இருக்கு.”

“அட! அக்கா கடையையே வாங்கிட்டு வந்துட்டாங்கடா!”

கிளப் சிரித்தது. அத்தனை கோபத்தையும் தோளில் திரட்டி அடித்தேன். வெள்ளைப் பந்து எகிறி, மேசையைத் தாண்டித் தரையில் குதித்து, கூல்டிரிங்ஸ் பெட்டிக்கடியில் போய் ஒளிந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல? குடுங்க இப்படி.” கை நீட்டினார். என் கியூவுக்கு!

“ஃபவுல்தானே? உங்க ஆட்டம். உங்க ஸ்டிக்கால ஆடுங்க.”

பெட்டிக்கடியில் கைவிட்டுத் தூசியோடு பந்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அந்த ஆட்டம் தோற்றேன். அதற்கடுத்ததும். மூன்றாவதில் ஜெயித்தேன். அவர் இம்முறை எழவில்லை, போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, தோத்தவங்கதானே பந்து அடுக்கணும்? வாங்க.”

வந்தார். அடுக்கினார். எனக்குக் கொஞ்சமும் ஆறவில்லை.

“இடைவெளி தெரியுது,” என்றேன். “நெருக்கி வைங்க.”