மாமனார் துப்பாக்கிக்கு ஊசி தேடிய கதை

என் மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த சொத்து ஒரு துப்பாக்கி. அவளுடைய அண்ணனுக்குக் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டம், வீடு, கிணறு, வீட்டைச் சுற்றி நிற்கிற பலாமரங்கள். இவளுக்குத் துப்பாக்கி. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு என்னைப் பார்த்து, வீட்டில் சூதானமாக இருந்துகொள்ளும் என்பார்கள். நாகர்கோவிலில் எங்கள் தெருவில் இந்த நகைச்சுவையைச் சொல்லாத ஆளே கிடையாது. எனக்கு அலுத்துவிட்டது.

மாமனார் காலமானபிறகு துப்பாக்கி யாருக்கு என்ற பேச்சு வந்தபோது மச்சான் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். லைசென்ஸைப் புதுப்பிக்கக் கலெக்டர் ஆபீசுக்கு அலைய வேண்டும், ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்க வேண்டும், இந்தச் சவத்தை யார் சுமப்பது என்றார். எனக்குத் தாருங்கள் என்றாள் என் மனைவி. அவர் ஆட்சேபணை இல்லையென்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் மட்டும் முழித்துக்கொண்டு நின்றேன். பாத்திரம் பண்டம் கேட்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், துப்பாக்கி கேட்கிறவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காரணத்தை வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். கல்லூரியில் இவள் என்.சி.சி.யில் இருந்தவள். காக்கி உடுப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு பாயிண்ட் டூ டூ துப்பாக்கியால் குறி பார்த்துச் சுட்டு முதலாவதாக வந்தவள். அதே வகைத் துப்பாக்கிதான் வீட்டு அலமாரியிலும் இருந்தது. லீவுக்கு வந்து, முதலாவதாக வந்ததைச் சொல்லி, ஒரே ஒரு குண்டு சுட்டுப் பார்க்கிறேன் அப்பா என்று கேட்டாளாம். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று சொல்லிவிட்டார். அண்ணன் அதே துப்பாக்கியால் பலாக்காயைச் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தான். மாதம் ஒருமுறை அதைத் துடைத்து எண்ணெய் போடுகிற வேலை மட்டும் இவளுக்கு.

"எண்ணெ போட நான், சுட அண்ணன். ஒரு குண்டாவது அதுல நான் சுடணும். பொறவு அத எங்க வேணும்னாலும் குடுத்திருவேன்," என்றாள்.

நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. மாமனார் நல்ல மனிதர், என்மேல் உயிராக இருந்தவர், ஆனாலும் அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

லைசென்ஸ் இவள் பெயருக்கு வந்ததும் ரைபிள் கிளப்பில் சேர்ந்தாள். துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். தோட்டாவைப் போட்டு, மூச்சை அடக்கி, குறி பார்த்து விசையை இழுத்தாள். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வேறு தோட்டா போட்டாள். அதற்கும் டிக். பக்கத்தில் நின்றவர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள்.

துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கிற போல்ட் என்கிற உருளையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். இந்த வகைத் தோட்டாவில் தீப்பற்றுகிற மருந்து அடிப்பக்க விளிம்பில் இருக்கும். போல்ட்டுக்குள் இருக்கிற ஊசி பாய்ந்து அந்த விளிம்பைக் குத்த வேண்டும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால் ஊசி வெறும் இரும்பில் போய் மோதும். இது பலமுறை மோதி மொட்டையாகிவிட்டிருந்தது. சுட்ட தோட்டாவின் வெறுங்கூட்டை வெளியே இழுக்கிற கொக்கியும் உடைந்திருந்தது.

"எத்தன பேரு சும்மா அமுக்கிப் பாத்தானுவளோ," என்றார் அவர்.

எத்தனை பேர் என்று எங்களுக்குத்தான் தெரியும். என் மாமனாரின் உபசாரம் அப்படி. யார் வந்தாலும் முதலில் சாயா, அடுத்து நேந்திரங்காய் சிப்ஸ், மூன்றாவதாகத் துப்பாக்கி. வந்தவர் அதைத் தோளில் வைத்து, எதிர்ச் சுவரில் இருக்கிற பல்லியைக் குறி பார்த்து ஒரு தடவை டிக் என்று இழுத்துவிட்டுத்தான் தருவார். கல்யாணத் தரகர், இன்ஷூரன்ஸ்காரர், ரப்பர் வியாபாரி, மாட்டு டாக்டர் என்று ஆள் விலக்கில்லை. இழுக்காமல் திருப்பிக் கொடுத்தால் மாமனார் முகம் வாடிவிடும். இப்படியே வருடக்கணக்காக நடந்ததில் ஒரு பல்லிகூடச் சாகவில்லை, துப்பாக்கிதான் செத்தது.

புது ஊசி செய்து போடக்கூடாதா என்று கேட்டேன். முகத்துக்கு நேரே வெடிக்கிற சாமானில் குத்துமதிப்பாக எதையும் செய்ய மாட்டேன் என்றார் கடைக்காரர். வெளிநாட்டில் அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அதே மாதிரித் துப்பாக்கி இன்னொன்று கிடைத்து, அதன் போல்ட் நன்றாக இருந்தால் மாட்டித் தருகிறேன் என்றார். அப்படி ஒன்றைப் பார்த்த ஓர்மை உண்டு, ஆனால் யாருடையது என்று நினைவில்லை என்று ஒரு வார்த்தையும் சொல்லி வைத்தார். அந்த ஒரு வார்த்தை போதுமே என் மனைவிக்கு.

திருவனந்தபுரம் போனோம். அங்கே இருந்த போல்ட் நம்முடையதைவிடக் கொஞ்சம் பருமன். மதுரை போனோம். அந்தக் கடைக்காரர் பழையதை மறந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கச் சொல்லி அரைமணி நேரம் பேசினார். திரும்பி வருகிற பஸ்ஸில், பேசாமல் ஹாலில் ஆணியடித்து அழகுக்கு மாட்டிவிடலாம் என்று நான் வாயைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை அவள் ஜன்னலோடுதான் பேசினாள்.

இந்த நிலைமையில் எலெக்‌ஷன் அறிவித்தார்கள். நான் டிவியில் நியூஸ் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்காதவளுக்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் மண்டையில் உறைத்தது. எலெக்‌ஷன் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கலாம், அல்லது துப்பாக்கிக் கடையில் வைத்து ரசீது வாங்கலாம். அலமாரிகளில் வருடக்கணக்காகத் தூங்குகிற துப்பாக்கிகள் எல்லாம் வெளியே வருகிற காலம் அது ஒன்றுதான்.

எங்களுடையதைக் கடையில் ஒப்படைத்த கையோடு அவள் வாசல் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் வந்தோம், அதற்கு மறுநாளும். துப்பாக்கி கொண்டுவருகிறவர்கள் எல்லாம் வயதான ஆண்கள். ஒருவர் லுங்கியில் சுற்றியிருந்தார், ஒருவர் கோரைப்பாயில், ஒருவர் யூரியா சாக்கில். இவள் ஒவ்வொருவரையும் நிறுத்தி, கொஞ்சம் அவிழ்த்துக் காட்டுங்கள் அண்ணாச்சி என்பாள். அவர்களுக்கோ வாயெல்லாம் பல். வீட்டில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சாமானை ஒரு பெண்பிள்ளை கேட்டுப் பார்க்கிறாளே. அவிழ்த்துக் காட்டி, அது வாங்கிய கதையையும் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி வந்தவர்தான் தோவாளைப் பூ வியாபாரி. துணியை அவிழ்த்ததும் என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். அதே துப்பாக்கி. கட்டை, கைப்பிடி, பின்பக்கத்து வளைவு எல்லாம் அப்படியே. விசைக்குப் பக்கத்தில் காய்ந்த கேந்திப்பூ இதழ்கள் ஒட்டியிருந்தன. அவர் அதை என் கையில் தந்தார். கடை முகட்டில் ஓடுகிற ஃபேனைக் குறி பார்க்கத் தன்னால் உயர்ந்த என் கையை என் மனைவி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உள்ளே முழுக்கத் துரு. அதுவும் அன்பினால் வந்த துரு. ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்கு மாலை போடுவது இவர்கள் வீட்டு வழக்கம். தோவாளைக்காரர் வீட்டில் பூவுக்குப் பஞ்சமா? சந்தைக்கு வந்த மாலைகளில் கனமானதாகப் பார்த்து, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து, குழாய் தெரியாதபடி சுற்றி வைப்பார்களாம். பூ வாடுகிறவரை எடுக்க மாட்டார்களாம். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான் என்றார் பெருமையாக. ஆனால் போல்ட்டை மட்டும் பிள்ளைகள் கைபடாமல் கழற்றி, எண்ணெய்த் துணியில் பொதிந்து பீரோவில் வைத்திருந்தார்களாம். மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். புத்தம் புதிதாக மினுங்கியது.

அந்தப் போல்ட்டை எங்களுக்குத் தர முடியுமா என்று என் மனைவி கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அப்பா வைத்துவிட்டுப் போனது, வருடா வருடம் பூஜையில் இருப்பது, எப்படித் தருவது என்றார். குழாய் இனி சுடாது என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். நான் என் பங்குக்கு என்னவோ சொன்னேன். எதுவும் எடுபடவில்லை. அவர் துணியைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

"எனக்க அப்பாவும் ஒண்ணு வச்சிட்டுத்தான் போனாரு. நான் அதுக்கு எண்ணெ போட்டேன், தொடச்சேன். ஒருக்கா சுடக் கேட்டேன், தரல்ல. அவரு துப்பாக்கியில ஒரு குண்டு சுடணும், எனக்கு அதுக்குத்தான் வேணும்," என்றாள் என் மனைவி.

அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டார். சாயா ஆறிக்கொண்டிருந்தது. நானும் ஒன்றும் இதைச் சுடப்போவதில்லை, மாலை போட போல்ட் எதற்கு, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி என்றார். சட்டப்படி ஒரு போல்ட்டை அப்படி மடியில் போட்டுக்கொண்டு வந்துவிட முடியாது. கடைக்காரர் முறையாக எழுதி, வாங்க வேண்டிய அனுமதியை வாங்கி, எலெக்‌ஷன் எல்லாம் முடிந்தபிறகு எங்கள் துப்பாக்கியில் பொருத்திச் சோதித்துத் தந்தார்.

துப்பாக்கி சரியாகிவிட்ட சேதி குலசேகரத்துக்கு எப்படிப் போனதோ தெரியாது. மச்சான் போன் பண்ணினார். தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லையாம், அப்பாவின் துப்பாக்கி தன்னிடம் இருப்பதுதான் முறையாம், லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாமாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சவம் என்று தள்ளியவர்தானே? ஆனால் அண்ணன் கேட்டு இவள் எதையும் இல்லையென்று சொன்னதில்லை, அதை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வாருங்கள் அண்ணே, அங்கே வைத்துப் பேசுவோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மச்சான் வந்தார். மனைவி சுடிதார் போட்டு, தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். முட்டுவலிக்காரி தரையில் படுப்பதென்றால் லேசான காரியமா? நான் ஒரு கையையும் அண்ணன் ஒரு கையையும் பிடித்து மெள்ள இறக்கினோம். எழுப்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் உடம்பு குலுங்கியது. பிறகு கட்டையைத் தோளில் ஊன்றினாள். குலுக்கம் நின்றது.

பப்படம் நொறுங்குவது மாதிரிச் சின்னதாக ஒரு சத்தம். வெடித்துவிட்டது. அவள் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்ததும் சுட்ட கூடு துள்ளி வந்து மச்சான் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டிவிட்டேன். அவள் திரும்பவே இல்லை. முதல் குண்டு குறி அட்டையின் கறுப்பு வட்டத்துக்கு வெளியேதான் போயிருந்தது. குறியைச் சரிசெய்துகொண்டு அடுத்ததைச் சுட்டாள், அதற்கடுத்ததைச் சுட்டாள், பெட்டியில் பாதி காலியாகும்வரை நிறுத்தவில்லை.

எல்லோரும் சுட்டு முடித்ததும் அட்டையை எடுத்துவந்து தந்தார்கள். எழுவது பெரிய வேலை என்பதால் அவள் தரையில் விரித்த பாயிலேயே கிடந்தாள். மச்சான் அட்டையை வாங்கிப் பார்த்தார். முதல் குண்டு போக, கறுப்பு வட்டத்தின் நடுவில் மற்ற ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, என் உள்ளங்கையால் மூடிவிடுகிற அளவுக்குள் கிடந்தன. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நீ இப்பிடிச் சுடுவேன்னு தெரிஞ்சிருந்தா அப்பா ஒன்னத் தடுத்திருக்க மாட்டாரு மக்கா," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அவள் தலையை மட்டும் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"அவருக்குத் தெரியும் அண்ணே. தெரிஞ்சுதான் தரல்ல."

மச்சான் காட்டுப்பன்றிப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த சுற்றுக்குக் குரல் கொடுத்தார்கள். அவர் அவள் பக்கத்தில் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, தோட்டாப் பெட்டியைத் திறந்து, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்தி வைத்தார்.