மாமியைப் பின் சீட்டுக்கு அனுப்பிய கார்

வளைகுடாவில் பல வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டு மரக்காணத்துக்குத் திரும்பியவனுக்கு, ஒரு சின்னக் காரை நேராக ஓட்டத் தெரியவில்லை என்று ஊரில் பெயர் வந்தால் எப்படி இருக்கும்? எனக்கு வந்தது.

கார் செகண்ட் ஹேண்ட். விற்றவர் அதைக் கடலோரத்து வீட்டில் மாதக்கணக்காக எடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார். பார்வைக்குப் புதுசு மாதிரியே இருந்தது. வாங்கிய புதிதில் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. பெரிய இழுப்பு இல்லை. மிட்டாய்க் கடையைப் பார்த்த குழந்தை நம் கையைப் பிடித்து இழுக்குமே, அந்த அளவுதான். ஆனால் அந்தக் குழந்தையைப் போலவே விடவும் இல்லை. பாண்டி போய்த் திரும்புவதற்குள் தோள்பட்டை கடுக்கும்.

என் மைத்துனன் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறான். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் வீடியோ பார்ப்பதால் அவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"மச்சான், வண்டில ஒண்ணும் இல்ல. நீங்க அங்க வலது பக்கமாவே ஓட்டிப் பழகிட்டீங்க. இங்க வந்ததும் 'லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல போ'ன்னு மனசு சொல்லிக்கினே இருக்குது. கை அதக் கேட்டுட்டு இழுக்குது."

என் மனைவி, "இருக்கும்ங்க" என்றாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அதன் பிறகு என் கைகளை நானே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு நாள் பொறுக்காமல் சாவியை மைத்துனனிடம் கொடுத்து, "நீயே ஓட்டுப்பா" என்றேன். பிரம்மதேசம் போகிற ரோட்டில் அவன் பாட்டுக்கு வீடியோவில் பார்த்ததைப் பேசிக்கொண்டே ஓட்டினான். கார் அமைதியாக ஓரத்து இளநீர்க் கடையை நோக்கிப் போனது. கடைக்காரர் அரிவாளோடு எழுந்து நின்றுவிட்டார். பிரேக் போட்டு நிறுத்திய மைத்துனன், கொஞ்சமும் கூச்சமில்லாமல், "வீல் அலைன்மென்ட் போயிருக்குது மச்சான். நான் அப்பவே நெனச்சேன்" என்றான்.

பாண்டியில் ஒரு கடையில் காரை மேடையேற்றி, சக்கரங்களில் கருவி மாட்டி, கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். திரையில் சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. சந்தோஷமாகக் கிளம்பினேன். கோட்டக்குப்பம் தாண்டுவதற்குள் குழந்தை மறுபடியும் கையைப் பிடித்தது. கடைக்குப் போன் செய்தேன்.

"ரோட்டக் கொற சொல்லுங்க சார். மழத் தண்ணி வடியறதுக்காக ஓரமா சரிச்சித்தான் போட்டிருப்பாங்க. மட்டமான எடத்துல மெதுவா ஓட்டி, ஸ்டீரிங்க லேசா விட்டுப் பாருங்க."

எங்கள் ஊரில் மட்டமான இடத்துக்கா பஞ்சம்? உப்பளத்துக்குள் போகிற மண் ரோட்டில் காரை இறக்கினேன். இரண்டு பக்கமும் பாத்தி, பாத்தி நிறையத் தண்ணீர். நடக்கிற வேகத்தில் ஓட்டி, கையை எடுத்தேன். கார் யோசிக்கவே இல்லை. நேராக இடது பாத்தியைப் பார்த்துத் திரும்பியது. வரப்பின் விளிம்பில் நிறுத்தினேன். தலையில் உப்புச் சட்டியோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னா சார், காருக்கு உப்பு கம்மியா இருக்குதா?"

அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு சட்டி உப்பாவது கீழே கொட்டியிருக்கும்.

அடுத்து டயர். டயரில் கோளாறு என்றால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றினால் இழுப்பும் பக்கம் மாற வேண்டும் என்றான் மைத்துனன். நியாயமாகத்தான் பட்டது. காற்றைச் சரிபார்த்து, கழற்றி மாட்டினோம். இழுப்பு மட்டும் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மைத்துனன் வெகு நேரம் யோசித்தான். பிறகு கடையின் உள்பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான், முன்னாடி லெஃப்ட் சீட்ல யார் உட்கார்றாங்க?"

என் மாமியார். அவனைப் பெற்றவர். காரில் ஏறினால் முன் சீட்டில்தான் ஏறுவார். நல்ல கனமான உடம்பு.

"டேய், உப்பளத்துல இழுத்தப்போ உங்கம்மா வண்டிலயே இல்லடா."

"இல்லாட்டி என்ன? அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அழுந்தியிருக்கும். கொஞ்ச நாளைக்கி எடம் மாத்தி உட்கார வெச்சிப் பார்ப்போம். நீங்க சொல்லிடுங்க."

"உன் அம்மா. நீ சொல்லு."

பெரிய முதலியார்சாவடியில் ஒரு நிக்காஹ். சாயந்திரம் மனைவி, மாமியோடு கிளம்பும்போது மைத்துனன் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அம்மா, பின்னாடி என் மச்சானுக்கு நேரா உட்காரு. காத்து நல்லா வரும்" என்றான்.

"ஏசி வண்டில என்னடா காத்து?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடியைத் துடைத்தேன். மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"ஓ. வண்டி சாயறது என்னாலன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். கார் குலுங்கியது. வழியெல்லாம் கார் இழுத்தது, நான் திருப்பினேன். பாதி வழியில் மாமி, "அஸர் தொழுகை போயிடும், நிறுத்துங்க மாப்ள" என்றார். ஒரு சவுக்குத் தோப்போரம் நிறுத்தினேன். பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு இறங்கி, பானெட்டைப் பிடித்தபடி, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளூவைச் செய்தார். காலைக் கழுவும்போது தண்ணீர் இடது முன்சக்கரத்தில் தெறித்தது.

சுர்ர்ர் என்றது. ஆவி கிளம்பியது.

"யா அல்லாஹ்! இதென்ன தோசைக்கல்லா?"

ஓடிப்போய்க் கையை அருகே கொண்டுபோனேன். அனல். சுற்றி வந்து வலது சக்கரத்தைப் பார்த்தேன், சாதாரணமாக இருந்தது. கருகல் வாசனையும் அப்போதுதான் மூக்கில் ஏறியது. டிரெய்லரில் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! பிரேக் பிடித்துவிட்டு விடாமல் நிற்கிறது. பிடித்த சக்கரத்தின் பக்கம் வண்டி இழுக்காமல் என்ன செய்யும்? அப்பா அம்மா பெயர் மறந்தவனைப் போல நின்றேன்.

மாமி துப்பட்டியை விரித்து நிதானமாகத் தொழுதுவிட்டு வந்தார்.

"நான் பின்னாடிதானே உட்கார்ந்திருந்தேன் மாப்ள? சக்கரம் மேலயா உட்கார்ந்தேன்?"

"இல்ல மாமி."

அந்த வழியாக வந்த ஆட்டோவை நிறுத்தி, மாமியும் என் மனைவியும் நிக்காஹுக்குப் போய்விட்டார்கள். ஆட்டோ திரும்பும்போது என் மனைவியின் தோள் சிரிப்பில் குலுங்கியது தெரிந்தது. நானும் மைத்துனனும் மெக்கானிக்குக்குப் போன் செய்துவிட்டுச் சவுக்கு நிழலில் உட்கார்ந்தோம். அவர் பைக்கில் வந்து, சக்கரம் ஆறும்வரை காத்திருந்து, கழற்றினார். பிரேக் கட்டை முன்னும் பின்னும் நகர உதவும் சின்ன இரும்புக் கம்பி துருவேறி இறுகிக் கிடந்தது. கடலோரத்தில் சும்மா நின்ற வண்டிக்கு இது வரும் என்றார். தட்டி எடுத்து, தேய்த்து, கிரீஸ் போட்டு மாட்டினார். "கட்டை ஒரு பக்கம் தேஞ்சிருக்கு, நாளைக்கே மாத்திடுங்க" என்றார். கார் அம்பு மாதிரி நேராகப் போனது. மைத்துனன், "வீடியோல இதுவும் சொல்லியிருந்தாங்க மச்சான்" என்றான்.

மண்டபத்துக்குப் போனபோது நிக்காஹ் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு நானும் அவனும் உட்கார்ந்தோம். முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர் பிரியாணியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்:

"மாமியார் வெயிட்டுல வண்டி இழுக்குதுன்னு சொன்னது நீங்களா, அவரா?"

நான் மைத்துனனைக் காட்டினேன். அதே நேரத்தில் அவன் என்னைக் காட்டினான்.